டீச்சர் ஒப்படைத்த மாடி

அந்தக் கூட்டத்துக்குக் கண்ணாடிக்காரரின் மனைவி வைத்திருந்த பெயர் 'புழு சங்கம்'. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், மனுஷன் காலர் நைந்த சட்டையை மாட்டிக்கொண்டு, ஈரத்துணியில் சுற்றிய நாலைந்து குச்சிகளோடு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது கையில் வேறு நாலைந்து குச்சிகள் இருக்கும். நகக்கண்ணெல்லாம் மண் ஏறியிருக்கும்.

"கொண்டு போனதும் குச்சி, கொண்டு வந்ததும் குச்சி. இதுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டிருக்கலாமே" என்பாள் அவள்.

வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று ஊர்க் கண்களையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறவருக்கு, எந்தக் கேள்வியும் கேட்காமல் தளிர் விடுகிற ஒரு செடி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எப்படி விளக்குவது?

சங்கம் என்று சொன்னாலும் அதற்குத் தலைவரும் கிடையாது, பலகையும் கிடையாது. அக்கம்பக்கத்துத் தெருக்களில் மாடியில் செடி வளர்க்கிறவர்கள், அவ்வளவுதான். வந்து போகிறவர்கள் பலர். வாரம் தவறாமல் வருகிறவர்கள் நாலு பேர். கண்ணாடிக்காரர் ஒருவர். இன்னொருவர் பேக்கரிக்காரர், அடுப்புச் சூட்டிலேயே வெந்து சிவந்த முகம், உரத்த குரல், எந்தச் செடிக்கு எந்த நோய் வந்தாலும் கையில் தயாராக ஒரு வைத்தியம். மூன்றாவது, லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். எதைத் தூக்க வேண்டுமானாலும் முதலில் குனிகிறவர் அவர்தான்.

நாலாவது, டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். அவர் மாடிக்கு ஏறினால் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். பாதியாக வெட்டிய டிரம்களில் கத்தரியும் தக்காளியும் ஒரே கோட்டில் நிற்கும். பழைய பெயிண்ட் வாளிகளில் மிளகாய். கம்பி கட்டி ஏற்றிய பாகல் பந்தலுக்குக் கீழே இரண்டு நாற்காலி. ஓரத்துச் சுவரை ஒட்டி அவர் பெருமையாக வளர்த்த செம்பருத்திகள். சிவப்பு, மஞ்சள், சந்தனம், அடுக்கு என்று. மூலையில் ஒரு டிரம்மில் கொய்யா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பெரும்பாலும் அந்தப் பந்தலுக்குக் கீழேதான் கூடும். மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பதும், "இது இன்னும் மக்கலை" என்று தீர்ப்புச் சொல்வதும், தேநீர் ஆறுவது தெரியாமல் பேசுவதுமாக வெயில் ஏறிவிடும்.

டீச்சரின் ஒரே மகள் கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருந்தாள். கல்யாணமாகி வருஷக்கணக்காகக் காத்திருந்து, இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு உண்டாகியிருந்தாள். அந்தச் சந்தோஷம் நிலைக்கிறதுக்குள் சிக்கல். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. டீச்சர் அவசர அவசரமாகப் பெட்டி கட்டினார்.

கிளம்புகிற அன்று கண்ணாடிக்காரரை மாடிக்கு அழைத்துப் போனார்.

"சார், இதை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். பேக்கரிக்காரர் கேட்டார். அவருக்கு ஆசை ஜாஸ்தி, பொறுமை கம்மி. எதையாவது ஊத்திக்கிட்டே இருப்பார்."

"கவலைப்படாம போயிட்டு வாங்க டீச்சர். பொண்ணைப் பாருங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

"முடிஞ்சா தினம் ஒரு படம் அனுப்புங்க. அங்க எனக்கு என்ன வேலை இருக்கப்போகுது? அவ படுத்திருப்பா. நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்." செம்பருத்தியில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். "பயமா இருக்கு சார்" என்றார். அதுவரை அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் சுகமாகத்தான் போனது. கடை திறப்பதற்கு முன்னால் கண்ணாடிக்காரர் டீச்சர் வீட்டு மாடிக்குப் போய்விடுவார். தண்ணீர் விட்டு, காய்ந்ததைக் கிள்ளி, படம் எடுத்து அனுப்புவார். அந்தப் பக்கம் டீச்சர் எந்நேரமும் விழித்திருப்பாரோ என்னவோ, உடனே பதில் வரும். 'மூணாவது வாளி மிளகாய் வாடுது, தண்ணி அடிவரைக்கும் போகலை.' 'பாகல் கொடி கேபிள் வயர் பக்கம் போகுது, திருப்பி விடுங்க.' மகளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். 'அப்படியே இருக்கா.' கண்ணாடிக்காரர் தன் வீட்டுச் செடிகளைக்கூட அவ்வளவு கண்ணும் கருத்துமாகக் கவனித்ததில்லை.

சந்தனக் கலர் செம்பருத்தியின் கணுவில் ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்தபோது, பக்கத்துச் சுவரிலிருந்து சுண்ணாம்பு தெறித்திருக்கிறது என்று நினைத்து விரலால் துடைத்துவிட்டார். அடுத்தடுத்த நாளில் பொட்டு பஞ்சாக மாறியது. தண்டில் எறும்புகள் வரிசை கட்டின. கடையிலிருந்து லென்ஸில் கீறல் பார்க்கிற உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு போய்க் கணுவில் வைத்துப் பார்த்தார். பார்த்தவருக்கு உடம்பு கூசியது. பஞ்சுக்கு உள்ளே, மாவில் புரட்டி எடுத்ததுபோல் பூச்சிகள். அதன் மேலும் கீழும் பொடிப் பொடியாகக் குஞ்சுகள், கால் முளைத்த தூசி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த இலையிலும் அவை இருந்தன. பக்கத்து மஞ்சளிலும் இருந்தன. மாவுப்பூச்சி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மாடியில் கூடினார்கள்.

"அண்ணே, இதெல்லாம் ஒரு விஷயமா? சோப்புத் தண்ணியை அடிச்சுவிடுங்க, சுருண்டு விழும்" என்றார் பேக்கரிக்காரர். சற்று யோசித்து, "கூட வேப்பெண்ணெய் சேர்த்துக்குங்க. இல்லேன்னா பூண்டும் மிளகாயும் அரைச்சு வடிகட்டி... இல்ல, சாம்பல். எங்க அடுப்புச் சாம்பல் ஒரு மூட்டை தர்றேன்" என்றார்.

"எதை முதல்ல?"

"எல்லாத்தையும்தான்."

லிஃப்ட் மெக்கானிக் செம்பருத்தியைச் சுற்றி வந்து பார்த்தார். "வெட்டிடணும்" என்றார்.

"எதை?"

"செடியை."

"ஐயோ, டீச்சர் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தது. வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?" என்று கண்ணாடிக்காரர் பதறிப்போனார். மெக்கானிக் பேச்சை அன்றைக்கே கேட்டிருந்தால் பாதி மாடியாவது பிழைத்திருக்குமோ என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார் கண்ணாடிக்காரர்.

அன்றிலிருந்து போர். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கணுக்கணுவாகத் துடைத்தார். நசுக்கினால் விரலெல்லாம் சிவப்பாகப் பிசுபிசுத்தது. குழாயை விரலால் அழுத்திப் பிடித்துப் பீய்ச்சி அடித்தார். அடித்த வேகத்தில் இந்தச் செடியில் இருந்தது அந்தச் செடிக்குப் போனதே தவிர, ஒழிந்தபாடில்லை. காலை நேரம் போதாமல் போகவே, கடையில் உதவிக்கு இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டு வேளையிலும் போக ஆரம்பித்தார். அப்படிப் போன ஒரு நாள்தான் அந்தக் காரியம் நடந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. வேப்பெண்ணெயையும் சோப்பையும் கலக்கி, ஒரு கோபத்தில் அளவு பார்க்காமல் கெட்டியாகவே கலக்கி, தக்காளி, கத்தரி, பாகல் என்று ஒன்று விடாமல் நனைய நனைய அடித்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் மாடிக்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் பூசிய இலையெல்லாம் வெயிலில் பொரிந்து, காகிதம் போல் கருகித் தொங்கியது. பாகல் பந்தலுக்குக் கீழே நிழலே இல்லை. நாற்காலிகள் வெயிலில் கிடந்தன. குனிந்து உருப்பெருக்கியை வைத்தார். கணுக்களில் பூச்சி சௌக்கியமாக இருந்தது.

அன்று எந்தப் படத்தை அனுப்புவது? தேடித் தேடி, கருகாமல் தப்பிய ஒரு மிளகாய்ப் பூவைக் கண்டுபிடித்தார். போனை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் எடுத்து அனுப்பினார். அடுத்த நாள் ஒரு தக்காளிப் பிஞ்சு. அதற்கடுத்த நாள் கொய்யாவின் நுனித் தளிர்.

"சொல்லிட வேண்டியதுதானே" என்றாள் மனைவி.

"அந்தம்மா அங்க என்ன நிலைமையில இருக்காங்க? இதையும் சேர்த்துத் தலையில போடணுமா?"

"அதுக்காக எத்தனை நாளைக்குப் பூவுக்குப் பூ முகூர்த்தம் பார்த்துப் படம் எடுப்பீங்க?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் வீட்டு மாடியில் இருந்த செம்பருத்தியிலும் முந்தின நாள் ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்திருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. பூச்சி அவர் சட்டையில் ஏறி வந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் கையை வீசிக்கொண்டு வந்தார். வழக்கமாகத் தரும் நாற்று இல்லை. "எங்க ரோஜாவுலயும் வந்திருச்சு" என்றார். பிறகு குரலை இறக்கி, "யார் கொடுத்த குச்சியில வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் தாங்கள் கொடுத்த குச்சிகளை மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தனக் கலர் செம்பருத்திக்குப் பக்கத்து வாளியில் இருந்தது பேக்கரிக்காரர் கொடுத்த குச்சி. மெக்கானிக்கின் பார்வை ஒரு நொடி அங்கே போய்த் திரும்பியதைப் பேக்கரிக்காரர் பார்த்துவிட்டார்.

"என்னைச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சொல்றேன். நீங்க எதையும் சொல்லமாட்டீங்க. பார்ப்பீங்க."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சாணத்துக்கும் சருகுக்கும் சண்டை போட்டு, சிரித்துக்கொண்டே பிரிந்தவர்கள். அன்று தேநீர்கூட யாரும் போடவில்லை.

இரண்டொரு நாளில் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. 'ஏன் சார் எல்லாத்தையும் இவ்வளவு கிட்ட வச்சே எடுக்கறீங்க?'

கண்ணாடிக்காரர் ரொம்ப நேரம் யோசித்து, 'புதுப் போன் டீச்சர், கிட்டத்துல நல்லா விழுது' என்று அனுப்பினார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைத் திருத்திக் கொடுத்துப் பிழைத்தவர் அனுப்பிய பொய் அது. அனுப்பிய பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. அதற்குப் பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் அனுப்பிய படங்களை டீச்சர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு மதியம், கடையில் ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டீச்சர். உதவிக்கு இருந்த பெண்ணைக் கூப்பிட்டுப் பெரியவரை ஒப்படைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார்.

"குழந்தை பிறந்துடுச்சு சார்" என்றது டீச்சரின் குரல். அதில் சந்தோஷம் இல்லை. "ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. பொண்ணு. என் உள்ளங்கையில அடங்கிடும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க."

"மகள் எப்படி இருக்காங்க?"

"இன்னும் கண் முழிச்சுப் பேசலை. ரத்தம் நிறைய போயிடுச்சு."

"சரியாயிடும் டீச்சர்" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சப்பையான வார்த்தை என்று தெரிந்தது.

"தினம் ரெண்டு தடவை உள்ள விடறாங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்றாங்க. கழுவிட்டுப் போய் நிக்கறேன். தொடக் கூடாது. சும்மா பார்க்கணும். எவ்வளவோ குழாய். எங்க பார்க்கறதுன்னே தெரியலை சார். எல்லாரும் நல்லவங்க, வந்து வந்து விளக்கறாங்க. ஆனா நான் என்ன செய்யணும்னு மட்டும் யாரும் சொல்லமாட்டேங்கறாங்க. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையாம்." மூச்சு விட்டுக்கொண்டார். "அதான் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் மாடியைக் காட்டுங்க. வீடியோவுல. மொத்தமா ஒரு தடவை பார்த்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் பின்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் கடையில இருக்கேன், அப்புறம் காட்டறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"டீச்சர், மாடி போயிடுச்சு" என்றார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைப் பொட்டு, ஸ்பிரிட், மத்தியான வெயில், கிட்டத்தில் எடுத்த படங்கள். "உங்க காதுக்கு வராம எப்படியோ காப்பாத்திடலாம்னு நினைச்சேன். என்னால முடியலை. நானே பாதியைக் கொன்னுட்டேன்."

டீச்சர் அழுவார் என்று எதிர்பார்த்தார். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தார்.

"எறும்பு இருந்துச்சா?"

"நிறைய."

"கொய்யாவுல?"

"வந்திருச்சு டீச்சர். வேர் பக்கம்கூட இருக்கு."

"அப்ப பிடுங்கிடுங்க சார். எல்லாத்தையும். உங்க எல்லார் வீட்டுக்கும் பரவிடும்." கணக்கின் கடைசி வரியைப் போர்டில் எழுதுகிற குரல் அது. பிறகு, "உள்ள கூப்பிடறாங்க, கை கழுவப் போகணும்" என்று வைத்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் பேக்கரிக்குத் தானே நடந்து போனார். மெக்கானிக்கும் வேலை முடிந்து வந்தார். அன்று சாயங்காலம் மூன்று பேரும் மாடிக்கு ஏறினார்கள். மெக்கானிக் பாகல் பந்தலின் கம்பியை அறுத்தார். கொடி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. கண்ணாடிக்காரர் கத்தரியையும் தக்காளியையும் பிடுங்கி, வேரோடு மண் உதறாமல் பிளாஸ்டிக் பையில் திணித்து வாயைக் கட்டினார். பேக்கரிக்காரர் செம்பருத்திகளுக்கு முன்னால் கத்தரிக்கோலோடு நின்றார். அடுக்குச் செம்பருத்தியில் ஒரே ஒரு பூ, எதுவும் நடக்காததுபோல் மலர்ந்திருந்தது.

"இந்த ஒண்ணை மட்டும் தனியா வச்சுப் பார்க்கலாமா அண்ணே? தினம் நானே துடைக்கறேன்."

கண்ணாடிக்காரர் உருப்பெருக்கியை நீட்டினார். பேக்கரிக்காரர் பூவின் காம்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பூவையும் சேர்த்தே வெட்டினார்.

கொய்யாதான் வர மறுத்தது. டிரம்மின் அடியைத் துளைத்துக்கொண்டு வேர் தளத்து விரிசலுக்குள் இறங்கியிருந்தது. மெக்கானிக் டிரம்மைக் கட்டிப்பிடித்து அசைத்து அசைத்து, கடைசியில் மரத்தை அடியோடு அறுக்க வேண்டியதாயிற்று. பைகளைத் தோளில் போட்டுப் படி படியாக இறக்கியபோது எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்று, "டீச்சர் வீட்டைக் காலி பண்றாங்களா?" என்று கேட்டாள். மெக்கானிக் அடுத்த பையைத் தூக்க மேலே ஏறினார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. சில கிராம் கூடுவதும் சில கிராம் குறைவதுமாக எடை ஏறி, கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்தது. டீச்சர் அவ்வப்போது ஒரு வரி அனுப்புவார். 'இன்னிக்கு என் விரலைப் பிடிச்சா.' கண்ணாடிக்காரர் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். ஆனால் மகள் கண் விழித்தும் முழுசாகத் தேறவில்லை. ஒரு பக்கத்துக் கையும் காலும் சரியாக வரவில்லை. பேச்சு குழறியது. பிள்ளையைத் தூக்க அவளால் முடியாது.

இங்கே, அவர்கள் மூவரின் மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. பேக்கரிக்காரர் கடைசி வரை போராடிப் பார்த்தார். அவர் ரோஜாக்களும் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் வீட்டிலேயே இருந்தார். அவர் மனைவி அதற்குக் கேலி எதுவும் சொல்லவில்லை. "எங்கயாவது போயிட்டுத்தான் வாங்களேன்" என்று ஒருநாள் அவளே சொன்னாள்.

வெயில் தணிந்த ஒரு நாளில் டீச்சர் கூப்பிட்டார். இனி அங்கேயேதான் இருக்கப்போவதாகச் சொன்னார். வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்தாயிற்றாம். டிரம், வாளி எல்லாவற்றையும் யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது. "மண்ணை மட்டும் நல்லா வெயில்ல காயப்போட்டு எடுத்துக்குங்க சார்" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றார் அவர். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் குழந்தை வீறிட்டது. இணைப்பு போய்விட்டது.

கடையை அடைக்காமலே பேக்கரிக்கு நடந்தார். பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையுறையைக் கழற்றினார்.

"அப்ப வரவே மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க போலிருக்கு."

"உங்களை ஒரு வார்த்தை சொல்லலையா? அன்னிக்கும் இல்லையா, இன்னிக்கும் இல்லையா?"

"இல்லை."

"ஒரு தடவை திட்டியிருக்கலாம்" என்றார் பேக்கரிக்காரர். "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்ணே."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். யாரோ ரொட்டி கேட்டு வந்தார்கள். பேக்கரிக்காரர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, சூடான தட்டை எடுக்கத் திரும்பினார்.